பூக்காத செடியின் தேறல்

ஆனைக்கற்றாழை என்று நாம் கூறும் செடியைக் கண்டறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. தென்னிந்தியாவில் புகையிரதப் பாதை ஓரங்களிலே வேலியாக நடப்பட்டிருப்பதும் இவ்வினச் செடியே. நுனியில் முள் தாங்கிய தடித்த மடல்களை நாற்புறமும் விரித்து, எவருடைய பராமரிப்பையும் வேண்டாது, பல வருட காலம் அது வாளா நிற்கும். பின்னர் ஒருநாள் அதன் நடுவிலிருந்து ஆள் உயரத்தைப் பன்மடங்கு விஞ்சிய பூந்தண்டு ஒன்று எழும். பூத்துக் காய்த்தபின் செடி மடியும். வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த செல்வமனைத்தையும் ஒரே பூப்பிற் செலவிட்டுவிட்டு மாயும் இயல்பினது அது. மூங்கிலும் தாளிப்பனையும் இவ்வகையில் அதற்குத் தோழர்.

இச்செடி நம் மண்ணிலே தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்திலே, சிறப்பாக மெக்சிக்கோ நாட்டிலே பிறந்து, ஐரோப்பியரின் கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வந்தது. தாவரவியலார் இப்பேரினத்தை 'அகாவே' என்பர். சிறப்பு மிக்கது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. நம் வழக்கிற் கற்றாழையென்று பெயர் பெற்றிருப்பினும், மருந்துக்குதவும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. கள்ளி இனமும் அன்று.

இப்பேரினத்தைச் சேர்ந்த நீலநிறச் செடியொன்றிலிருந்தே தெக்கீலா என்னும் மது வடிக்கப்படுகிறது. பெரிய ஹொட்டேல்களின் பானப் பட்டியலில் 'மார்கரீட்டா' என்ற பெயரைக் கண்டு, விளிம்பில் உப்புப் படிந்த கிண்ணத்தை விரும்பி ஏந்துவோர் இன்று உலகெங்கும் பலர். அக்கிண்ணத்துள் இருப்பது, பூப்பதற்கு விடப்படாத ஒரு செடியின் வாழ்வு என்பதை எண்ணுவோர் சிலரே. அம்மதுவின் வரலாற்றையும், அதனைக் கலவைப் பானமாக முறையறிந்து சுவைக்கும் வகையையும், அச்சுவைக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதையும் இங்கு கூற விழைகின்றேன். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் மக்கள் நாம். அருந்தாதோரை அருந்தச் செய்வது என் நோக்கமன்று. அருந்துவோர் அறிந்து அருந்தவேண்டும் என்பதே என் கருத்து.

தேவியின் செடி

ஸ்பானியர் மெக்சிக்கோவில் அடி வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நாட்டு மக்கள் அகாவேயை நம்பி வாழ்ந்தனர். மடலின் நார் கயிறாயிற்று, முள் ஊசியாயிற்று, மடல் கூரைக்குதவிற்று, சாறு பானமாயிற்று. யாழ்ப்பாணத்தவருக்குப் பனை எதுவோ, அதுவே அவர்களுக்கு இச்செடி எனலாம்.

செடி பூக்கும் பருவத்தை அண்மும்போது அதன் நடுக்குருத்தை வெட்டியெறிந்து, உள்ளே குழிவு செய்வர். பூந்தண்டை எழுப்புவதற்கென்று செடி சேர்த்துவைத்த இன்சாறு அக்குழியிலே ஊறும். நாள்தோறும் உட்புறத்தைச் சுரண்டிவிடச் சாறு மாதக்கணக்காகச் சுரந்துகொண்டேயிருக்கும். பாளை சீவிக் கருப்பநீர் இறக்குவோருக்கு இம்முறையின் நுட்பத்தை விளக்கவேண்டியதில்லை. இனிக்கும் அச்சாற்றை ஸ்பானிய மொழியில் 'தேன்நீர்' எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர். அது தானாகவே புளித்துப் பால் வெண்மை பெறும்போது 'புல்க்கே' எனப்படும். மெக்சிக்கோவின் கள் அது.

அஸ்ரெக் மக்கள் இச்செடியை மயாவெல் என்னும் பெண்தெய்வமாகக் கண்டனர். அவளுடைய மக்கள் நானூறு முயல்கள். அவர்கள் போதையின் தெய்வங்கள். நானூறு என்பது அம்மக்களின் வழக்கிலே எண்ணிறந்த தொகையைக் குறிக்கும். போதையின் முகங்கள் எண்ணிறந்தவை என்று இதைவிட நயமாகக் கூறுதல் அரிது. ஆயினும் அச்சமுதாயம் குடிவெறியைப் பொறுத்துக்கொண்டதில்லை. முதியோருக்குச் சலுகை இருந்தது. ஏனையோர் மயங்கித் திரிவாராயின் கடுந் தண்டனை காத்திருந்தது. தெய்வத்தின் கொடையை அளவறிந்தே கொள்ளவேண்டும் என்பது அவர்தம் நெறி.

வாலை வந்த வழிகள்

1521ஆம் ஆண்டிலே அஸ்ரெக் தலைநகர் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது. புளித்த சாற்றைக் காய்ச்சி வடிக்கும் வாலையை அவர்கள் உடன் கொண்டுவந்தனர். அவ்வித்தையை அவர்கள் அராபியரிடம் கற்றவர்கள். நாம் 'சாராயம்' என்பதை ஆங்கிலேயர் 'அரக்கு' என வழங்குவதும் அராபிய மொழியின் வழிவந்ததே.

ஆனால் வாலை மெக்சிக்கோவை அடைந்த வழி அஃது ஒன்றே அன்று. 1565ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடங்கள் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்குமிடையே ஸ்பானியக் கப்பல்கள் சென்று வந்தன. அக்கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் தீவினர் மெக்சிக்கோவின் மேற்குக் கரையிலே, கொலிமா பகுதியில், தென்னை வளர்த்தனர். பாளை சீவிக் கள் இறக்கினர். அதனை வடித்துச் சாராயமாக்கினர். குடைந்த மரத்தண்டு ஒன்றை அடுப்பின்மேல் நிறுத்தி, அதன் தலையிலே குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்து, ஆவியைக் குளிரச் செய்து துளித்துளியாக ஏந்துவது அவர்களின் முறை. தென்னஞ் சாராயம் ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மதுவின் வியாபாரத்தைக் கெடுக்கிறது எனக் கண்ட அரசாங்கம் அதனை ஒடுக்க முற்பட்டது. தென்னை ஒடுங்கிற்று, வித்தை ஒடுங்கவில்லை. அதே வகை வாலை அகாவேயை வடிப்போரிடம் சென்றது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கொலிமாவிலும் ஹலிஸ்கோ மாநிலத்தின் தென்பகுதியிலும் அத்தகைய வாலைகள் அண்மைக்காலம் வரை புழக்கத்தில் இருந்துள்ளன.

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர் மனங்கொள்ளவேண்டும். புல்க்கே பச்சைச் செடியின் சாறு. வடித்தற்கு உதவுவதோ அதன் நடுத்தண்டு. மடல்களை நீக்கி, அத்தண்டைச் சூட்டிலே வேகவைத்தால் அதிலுள்ள மாப்பொருள் போன்ற சத்து சர்க்கரையாகும். அவ்வாறு வெந்த அகாவேயைக் குறிக்கும் சுதேச மொழிச் சொல்லிலிருந்தே 'மெஸ்கால்' என்ற பெயர் பிறந்தது. அகாவேயிலிருந்து வடித்த மதுவுக்கெல்லாம் முதலில் அதுவே பொதுப்பெயர். தெக்கீலா என்பது அம்மெஸ்கால்களுள் ஒன்றுக்கு அமைந்த ஊர்ப்பெயரேயாகும்.

ஓர் ஊரும் அதன் பெயரும்

மெக்சிக்கோவின் இரண்டாம் பெருநகருள் ஒன்றாக எண்ணப்படும் குவாதலஹாராவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில், அவிந்துறங்கும் எரிமலை ஒன்றின் அடிவாரத்தில் தெக்கீலா என்னும் ஊர் உள்ளது. எரிமலை மண்ணிலே நீல அகாவே செழித்து வளரும். வரிசை வரிசையாக அது படர்ந்த நிலப்பரப்பையும் பழைய வடிசாலைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

1758இல் ஹோசே அந்தோனியோ தெ குவெர்வோ என்பார் ஸ்பானிய மன்னரிடமிருந்து இங்கே நிலம் பெற்றார். 1785இல் ஸ்பெயினின் மதுவகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் பொருட்டு மெஸ்கால் வடித்தல் தடைசெய்யப்பட்டது. தடையாற் குடி நிற்கவில்லை, வரியே நின்றது. பத்து வருடங்களின் பின் 1795இல் குவெர்வோ குடும்பத்துக்கு வடிப்பதற்கான அனுமதி கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செனோபியோ சௌசா என்னும் மற்றொரு வடிசாலை அதிபர், பல அகாவே வகைகளுள் நீல வகையே தலையாயது எனக் கொண்டு அதனைப் பரப்பினார். வடக்கே ஐக்கிய அமெரிக்காவுக்கும் பீப்பாக்கள் சென்றன. அச்செடியைத் தாவரவியல் முறைப்படி விவரித்து 1902இல் 'அகாவே தெக்கிலானா' எனப் பெயரிட்டவர், முன்னர் மெக்சிக்கோவிற் பணிபுரிந்த வெபர் என்னும் பிரெஞ்சு இராணுவ வைத்தியர்.

1910இல் மூண்ட மெக்சிக்கோப் புரட்சியின் பின்னர், பிரெஞ்சுப் பிராந்தியை விரும்பிய கனவான்களின் நாகரிகம் மங்கி, நாட்டுப் பொருளிற் பெருமை கொள்ளும் மனப்பான்மை ஓங்கிற்று. 1930களிலிருந்து வெளிவந்த பண்ணை வாழ்க்கைத் திரைப்படங்களிலே குதிரையேறிப் பாடும் கதாநாயகனின் கையில் தெக்கீலாக் கிண்ணம் இருந்தது. அமெரிக்காவின் மதுவிலக்குக் காலமும், இரண்டாம் உலகப் போர்க்கால மதுத் தட்டுப்பாடும் எல்லைக்கப்பால் அதற்குச் சந்தையைத் திறந்துவிட்டன.

சந்தை பெருகிய இடத்திற் கலப்படமும் பெருகுதல் உலக இயல்பு. இங்கே கலப்படத்துக்குச் சட்டமே இடந்தந்தது. 1949இல் வகுக்கப்பட்ட முதல் தரவிதி அகாவேச் சர்க்கரையை மட்டுமே ஏற்றது. 1964இல் நூற்றுக்கு 30 பங்கும், 1970இல் 49 பங்கும் கரும்பு முதலிய பிற சர்க்கரை சேரலாம் என்று விதி தளர்ந்தது. மறுபுறத்திலே 1974இல் மெக்சிக்கோ அரசு 'தெக்கீலா' என்ற பெயரைத் தன் நாட்டு மண்ணுக்கே உரியதாகப் பிரகடனஞ் செய்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும் வேறு நான்கு மாநிலங்களின் குறித்த பகுதிகளிலும் விளைந்த நீல அகாவேயிலிருந்து வடித்ததே இன்று அப்பெயர் பெறும். பெயரைக் காத்த அதே கை பொருளில் ஏறத்தாழப் பாதியைத் தளர்த்தியும் விட்டது என்பது எண்ணத்தக்கது.

ஹிமதோரின் கை

அகாவே அறுவடை செய்யும் தொழிலாளி 'ஹிமதோர்' எனப்படுவான். நீண்ட காம்பின் நுனியிலே வட்டமான கூரிய அலகு பொருத்திய கருவி அவன் ஆயுதம். செடி பூந்தண்டை எழுப்பத் தொடங்கியதும் முதலில் அதனை வெட்டிவிடுவர். பூவுக்குச் செல்லவேண்டிய சர்க்கரை தண்டிலேயே தங்கும். ஆறு, ஏழு, எட்டு வருடங்கள் கழிந்து முற்றியபின் மடல்களை ஒவ்வொன்றாக அவன் சீவித் தள்ள, அன்னாசிப் பழத்தின் வடிவத்தில் வெண்ணிறத் தண்டு வெளிப்படும். அதற்கு 'அன்னாசி' என்பதே அவர்கள் இட்ட பெயர். முப்பது கிலோகிராம் நிறைக்குக் குறையாதவை பல. அதனிலும் இருமடங்கானவையும் உண்டு. எச்செடி முற்றியது, எது முற்றவில்லை என்பதைக் கண்ணாற் கண்டு துணியும் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து.

செங்கல் அடுப்பினுள் நீராவியில் ஏறக்குறைய இரண்டு நாள் வேகவைத்தல் பழைய முறை. இரும்புக் கொப்பரையில் அழுத்தத்தோடு விரைவில் வேகவைத்தல் புதிய முறை. விறகுப் புகை தீண்டாமையால் தெக்கீலாவில் புகைமணம் இல்லை. குழியிலிட்டு விறகெரித்துச் சுடும் ஏனைய மெஸ்கால்களில் அது உண்டு. வெந்ததை நசுக்கிச் சாறு பிழிந்து, நொதிக்கவிட்டு, இருமுறையேனும் வடிப்பர். முதலில் வருவதைத் தலை என்றும், இறுதியில் வருவதை வால் என்றும் ஒதுக்கி, நடுவில் வரும் 'இதயத்தை' மட்டும் கொள்வர். வடித்தவுடன் நிறமின்றி இருப்பது 'பிளாங்கோ'. கருவாலி மரப் பீப்பாவில் இரண்டு மாதமேனும் தங்கியது 'ரெப்போசாதோ'. ஒரு வருடமேனும் தங்கியது 'அஞ்ஞேஹோ'. மூன்று வருடத்துக்கு மேற்பட்டது அதிமுதிர்ந்தது என 2006இல் தனி வகுப்பாயிற்று. புழு கிடக்கும் போத்தல் தெக்கீலாவன்று. அது சில மெஸ்கால் வியாபாரிகளின் உத்தி.

நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிற சர்க்கரை கலவாத தெக்கீலா ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் அகாவேத் தண்டு வேண்டும். 35 கிலோகிராம் நிறையுள்ள தண்டு 5 லீற்றர் தரும். 60 மில்லிலீற்றர் கொள்ளும் கிண்ணத்தில் வார்த்தால் அது 83 கிண்ணம். செடி வளர்ந்த ஏழு வருடம் 84 மாதம். ஆகவே கிண்ணமொன்றுக்கு அச்செடியின் வாழ்வில் ஒரு மாதம் என்பது கணக்கு.

கலவையிற் காணும் சுவை

நிற்க. தெக்கீலாவை உலகறியச் செய்தது அதன் தனிச்சுவையன்று, கலவைப் பானமே. உலகப் புகழ்பெற்ற மார்கரீட்டாவின் பிறப்பிடம்பற்றி எத்தனையோ கதைகள் உலவுகின்றன. நடிகை ஒருத்திக்காகச் செய்தது என்பர் சிலர். சீமாட்டி ஒருத்தி தன் விருந்தினருக்குச் செய்து அளித்தது என்பர் வேறு சிலர். சொல்லின் பொருளை நோக்கினால் எனக்கு வேறொன்று புலப்படுகிறது. 'மார்கரீட்டா' என்பது ஸ்பானிய மொழியில் டெய்சி மலர். மதுவோடு புளிப்புப் பழச்சாறும் இனிப்பும் சேர்ந்த ஒருவகைப் பானத்தை அமெரிக்கர் முன்னரே 'டெய்சி' என வழங்கினர். 1936இல் அயோவா மாநிலப் பத்திரிகாசிரியர் ஒருவர், எல்லையோர நகராகிய திஹுவானாவிலே 'தெக்கீலா டெய்சி' அருந்தியதாக எழுதியுள்ளார். 1937இல் இலண்டனில் வெளிவந்த 'கபே றோயல்' பான நூலிலே தெக்கீலா, தோடம்பழ மது, தேசிப்புளி மூன்றும் சேர்ந்த பானம் வேறொரு பெயரோடு காணப்படுகிறது. ஆகவே தனியொருவர் கண்டுபிடித்ததென்பதிலும், பல கைகள் ஒரே வழியிற் சென்று சேர்ந்ததென்பதே பொருத்தமாம். 1953இல் 'எஸ்குவயர்' சஞ்சிகை அதனை மார்கரீட்டா என்ற பெயரோடு தன் வாசகருக்கு அறிமுகஞ் செய்தது.

1971இல் டலஸ் நகரத்து உணவகக்காரரான மரியானோ மார்ட்டினெஸ், ஐஸ்கிறீம் செய்யும் யந்திரத்தை மாற்றியமைத்துப் பனிக்கூழ் போன்ற மார்கரீட்டாவைப் பெருமளவிற் சுரக்கச் செய்தார். அவ்யந்திரம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் உள்ளது. அதே காலத்திற் கலிபோர்னியாவிலே தோடம்பழச் சாற்றோடு தெக்கீலாவைக் கலந்து, கனத்த மாதுளம் பாகை ஊற்றி அடியில் தங்கவிட்டு, விடியற்கால வானத்தின் நிறங்களைக் கிண்ணத்திற் காட்டிய 'தெக்கீலா சன்றைஸ்' பரவிற்று. 1972இல் அமெரிக்காவிற் சுற்றுப்பயணஞ் செய்த 'றோலிங் ஸ்ரோன்ஸ்' இசைக்குழுவினர் சென்றவிடமெல்லாம் அதனைக் கேட்டு வாங்கியமையால் அதன் புகழ் பெருகிற்று.

மெக்சிக்கோ மக்கள் தம் இல்லங்களில் விரும்புவது இவையல்ல. 'பலோமா', அதாவது புறா, என்னும் எளிய பானமே அவர்களுக்கு உவப்பு. பம்பளிமாசின் உறவாகிய கிரேப்புரூட் பழச்சுவையுள்ள சோடாவில் தெக்கீலாவும் தேசிப்புளியும் சிட்டிகை உப்பும் சேர்ந்தது அது. தெக்கீலா ஊரிலேயே 'லா கபிய்யா' என்னும் சிறு மதுக்கடையை நெடுங்காலம் நடத்தி 2020இற் காலமான தொன் ஹவியேர் டெல்கடோ கொறோனா 'பத்தாங்கா' என்ற பானத்தால் பெயர் பெற்றார். உப்பு விளிம்பிட்ட கிளாசில் தெக்கீலா, தேசிப்புளி, கோலா மூன்றையும் ஊற்றித் தேசிக்காய் வெட்டிய நீண்ட கத்தியாலேயே அதனைக் கலக்குவது அவர் வழக்கம்.

இவற்றையெல்லாம் இணைப்பது தேசிக்காய். மெக்சிக்கோவின் தேசிக்காய் ஸ்பானியர் கொண்டுசென்ற கீழ்த்திசைப் பழம். நம் வீட்டுத் தேசிக்காயின் இனமே. ஆதலின் மேலைநாட்டு நூல்கள் கூறும் பெரிய பச்சை எலுமிச்சையைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. நம் சந்தைப் பழமே பொருத்தமானது.

நான் கைக்கொள்ளும் முறை இது. 50 மில்லிலீற்றர் பிளாங்கோ, 20 மில்லிலீற்றர் தோடம்பழ மது, 20 மில்லிலீற்றர் அப்போதே பிழிந்த தேசிப்புளி. மூன்றையும் நிறைய ஐஸ்கட்டியோடு மூடிய பாத்திரத்திலிட்டுப் பதினைந்து விநாடி வரை வலுவாகக் குலுக்குதல் வேண்டும். குலுக்குவது குளிர்விப்பதற்கு மாத்திரமன்று; கரையும் ஐஸ் நீரும் பானத்தின் ஓர் உறுப்பே. அந்நீரின்றேல் புளிப்பும் மதுவின் காரமும் ஒன்றோடொன்று பகைத்து நிற்கும். உப்பைக் கிண்ண விளிம்பின் பாதிக்கு மட்டும் தடவுக. வேண்டியபோது வேண்டிய பக்கம் அருந்தலாம். உப்பு நாவிலே கசப்பை அடக்கி இனிப்பை மேலெழச் செய்யும். அதன் பொருட்டே அது அங்கே இடம்பெற்றது, அலங்காரத்துக்கன்று.

இதனிலும் எளியது, 1990ஆம் ஆண்டையொட்டி சான் பிரான்சிஸ்கோவில் ஹூலியோ பெர்மெஹோ பரப்பிய முறை. தோடம்பழ மதுவை நீக்கி, அகாவேச் சாற்றிற் காய்ச்சிய பாணியையே இனிப்பாகச் சேர்த்தார் அவர். தாய்ச்செடியின் சர்க்கரையே மதுவுக்குத் துணையாவதால் அகாவேயின் மணம் மறைவதில்லை. 60 பங்கு தெக்கீலாவுக்கு 30 பங்கு தேசிப்புளியும் 15 பங்கு பாணியும் அளவாகும். அகாவேப் பாணி கிட்டாதவிடத்து நான் கித்துள் பாணி சேர்த்துப் பார்த்ததுண்டு. சுவை வேறாயினும் குறைந்ததன்று.

கலவாது அருந்துவோர் ஒரே மடக்கில் விழுங்கி முகஞ்சுளிப்பதைக் காண்கிறோம். அது மருந்து குடிக்கும் முறை. ஹலிஸ்கோ மக்கள் சிறுகச் சிறுக உறிஞ்சி, இடையிடையே தோடம்பழச் சாறு, மாதுளம் பாகு, மிளகாய்த் தூள் முதலியன சேர்ந்த 'சங்கிரீத்தா' என்னும் பானத்தை அருந்துவர். தேசிப்புளி, தெக்கீலா, சங்கிரீத்தா மூன்றையும் மூன்று சிறு கிளாசுகளில் வரிசையாக வைத்தால் பச்சை, வெள்ளை, சிவப்பு என அந்நாட்டுக் கொடி தோன்றும். அதனைக் 'கொடி' என்றே அழைப்பர்.

பூவுக்கு விடும் பங்கு

மார்கரீட்டாவின் புகழ் செடிக்கு நன்மை செய்ததா? 1995இல் ஏறக்குறைய 10 கோடி லீற்றராக இருந்த தெக்கீலா உற்பத்தி 2022இல் 65 கோடி லீற்றரைத் தாண்டிற்று. ஆனால் செடி முற்றுவதற்கு வேண்டிய காலம் அதற்கேற்பக் குறைந்துவிடவில்லை. விவசாயி கன்று நடும்போது ஒரு விலை; வெட்டும்போது வேறொரு விலை. 1990களின் இறுதியிலே நோயும் தட்டுப்பாடும் வந்தபோது, கிலோகிராம் ஒரு பேசோவுக்கும் குறைவாக விற்ற அகாவே 15 பேசோவரை ஏறிற்று. ஏறிய விலையைக் கண்டு எல்லோரும் நட்டனர். அவையனைத்தும் முற்றியபோது விலை மீண்டும் விழுந்து, வெட்டுக்கூலிக்கும் காணாது செடிகள் வயலிலே அழுகின. பின்னர் மறுபடியும் ஏறி 30 பேசோவை எட்டிய விலை, 2024இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று. விலை உயரும்போது முற்றாத செடியை வெட்டுகின்றனர். தாழும்போது முற்றிய செடியைக் கைவிடுகின்றனர். இரண்டிலும் நட்டமடைபவன் சிறு விவசாயியே.

நோய் அவ்வளவு விரைவிற் பரவியதற்குக் காரணம், நாம் முதலிற் கண்ட பூந்தண்டை வெட்டும் வழக்கமேயாகும். பூவில்லையேல் விதையில்லை. வாழைக்குட்டி போலத் தாய்ச்செடியின் அடியில் வெடிக்கும் குட்டிகளைப் பெயர்த்தே தலைமுறை தலைமுறையாக நட்டு வந்துள்ளனர். ஆகவே கோடிக்கணக்கான செடிகளும் ஏறத்தாழ ஒரே செடியின் படிகள். ஒன்றை வெல்லும் பூஞ்சணம் எல்லாவற்றையும் வெல்லும்.

பூவின்றி வாடுவது செடியின் சந்ததி மாத்திரமன்று. அகாவேயின் பூ இரவில் மலர்வது. அதன் தேனை நாடி நீண்ட நாவுடைய வௌவால்கள் வரும். மகரந்தத்தைச் செடிக்குச் செடி சுமந்து செல்லும். இவற்றுள் ஒருவகை வௌவாலை 1988இல் அமெரிக்கா அழியும் தறுவாயிலுள்ள உயிரினங்களின் பட்டியலிற் சேர்த்தது. மெக்சிக்கோ விஞ்ஞானி ரொட்ரீகோ மெடியின் முதலானோர் குகைகளைக் காத்தும் மக்களுக்கு அறிவூட்டியும் பல்லாண்டு உழைத்தமையால் 2018இல் அது அப்பட்டியலினின்றும் நீங்கிற்று. அவரும் அவரோடு சேர்ந்தோரும் தெக்கீலா உற்பத்தியாளரிடம் ஒன்று கேட்டனர்: வயலிலுள்ள செடிகளுள் நூற்றுக்கு 5ஐ வெட்டாது பூக்க விடுங்கள். சிலர் இசைந்தனர். வௌவாலுக்கு நேசமானது என்ற அடையாளத்தோடு 2016இல் முதற் போத்தல்கள் சந்தைக்கு வந்தன. பூத்த செடியிலிருந்து விதை கிடைக்கும். விதையிலிருந்து ஒன்றையொன்று ஒவ்வாத புதுச் செடிகள் முளைக்கும். அவற்றுள் ஏதேனும் அடுத்த நோயைத் தாங்கி நிற்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

தெக்கீலா வாங்குவோர் போத்தலின் முகவரித்தாளில் நூறு வீதம் அகாவே என எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் நன்று. அச்சொற்கள் இல்லாவிடில் உள்ளிருப்பதில் ஏறத்தாழப் பாதிவரை வேறு சர்க்கரையாக இருத்தல் கூடும். அடுத்த நாட்காலையில் தலைவலி வந்ததென்று அகாவேயைப் பழிப்போர், தாம் எவ்வளவு அருந்தினர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். விலை கூடியதாயின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கிண்ணத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கை அறிந்தவன் மூன்றாவது கிண்ணத்தைக் கேட்குமுன் சற்றே தயங்குவான்.

நூற்றில் ஐந்து செடியைப் பூக்க விடும் விவசாயிக்கு அந்த ஐந்து செடியின் சர்க்கரையும் நட்டமே. ஏழு வருடம் களை பிடுங்கிக் காத்த செடியை அவன் வௌவாலுக்குக் கொடுக்கின்றான். அவ்வகைப் போத்தலுக்குச் சற்றுக் கூடிய விலை கேட்கப்படுமாயின், அந்நட்டத்தில் ஒரு சிறு பங்கையே நம்மிடம் கேட்கிறார்கள் என்று கொண்டு நான் முணுமுணுக்காது கொடுப்பேன்.